தந்தை மீன் எங்கே?



இருபது ஆண்டுகளுக்கும் மேலாக என் மனத்தை உறுத்திக்கொண்டிருக்கும் ஒரு நிகழ்ச்சியோடு இக்கட்டுரையைத் தொடங்குகிறேன். அப்போது நான் நான்காம் ஆண்டு மாணவர்களுக்கு அறிவியல் கற்பித்துக்கொண்டிருந்தேன். முட்டையிடும் விலங்குகள், குட்டி போடும் விலங்குகள் என்று பிரித்துக் காட்டும் பாடம். மீன் முட்டையிடும் என்று கரும்பலகையில் எழுதினேன். பின்வரிசையில் இருந்த ஒரு மாணவன் எழுந்து, "எல்லா மீனும் இல்லை ஐயா, எங்கள் வீட்டுக்குப் பின்னால் உள்ள லொங்காங்கில் இருக்கும் மீன் குட்டி போடும்," என்றான். மறுநாளே ஒரு கண்ணாடிப் புட்டியில் அந்த மீனைப் பிடித்துக்கொண்டும் வந்துவிட்டான். வயிறு பருத்த, சாம்பல் நிறப் பெண் மீன். தனி மீன்.

சில நாள்களில் அது குஞ்சுகளை ஈன்றது. வகுப்பே திரண்டு பார்த்தது. தாய் மீன் தன் குஞ்சுகளையே தின்றுவிடும் என்று சொல்லி, அம்மாணவன் குஞ்சுகளை வேறொரு தொட்டிக்கு மாற்றினான். ஏறத்தாழ ஒரு மாதம் கழிந்தது. புட்டியில் தனியே இருந்த அதே பெண் மீன் மீண்டும் குஞ்சுகளை ஈன்றது.

"ஆண் மீனைக் கொண்டுவந்து போட்டாயா?" என்று கேட்டேன். "இல்லை ஐயா, நான் போடவே இல்லை," என்றான். "தந்தை மீன் இல்லாமல் குஞ்சு எப்படி வரும்? பொய் சொல்லாதே!" என்று அதட்டி, ஓய்வு மணி அடிக்கும் வரை வகுப்பறைக்கு வெளியே நிற்க வைத்தேன். அவன் அழவில்லை. பேசாமல் நின்றான்.

இன்னும் சில வாரங்கள் சென்றபின், முதலில் பிறந்த குஞ்சுகளுள் ஆண் மீன்களுக்கு நிறம் ஏறத் தொடங்கியது. ஒன்றின் வாலில் செம்மஞ்சள், ஒன்றின் விலாவில் கரும்புள்ளி, வேறொன்றில் நீலப் பளபளப்பு. "ஒரே அம்மாவுக்கு ஒரே நாளில் பிறந்த பிள்ளைகள்தானே ஐயா, ஏன் ஒவ்வொன்றும் ஒரு மாதிரி?" என்று அவன் கேட்டான். பாடத்தைக் கவனி என்று சொல்லி உட்கார வைத்துவிட்டேன். அடுத்த நாள் அவன் மீன்களை வீட்டிற்கு எடுத்துச் சென்றுவிட்டான்.

கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்று மாணவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கும் நான் அன்று விசாரிக்கவில்லை. அவன் கேட்ட இரண்டு கேள்விகளும் உயிரியல் வரலாற்றில் பெரிய அறிஞர்கள் பல பத்தாண்டுகள் உழைத்து விடை கண்ட கேள்விகள் என்பதைப் பின்னாளில் படித்தறிந்தபோது வெட்கமாக இருந்தது. அந்த வரலாற்றைத்தான் இங்கே எழுத முனைகிறேன்.

பள்ளிகளைக் கண்காணித்தவரின் பெயர்

அந்த மாணவன் கொண்டுவந்தது கப்பி மீன். தென் அமெரிக்காவின் வடகிழக்குப் பகுதியும் அதையொட்டிய டிரினிடாட் தீவும் அதன் தாயகம். ஆண் மீன் இரண்டு, மூன்று சென்டிமீட்டர் நீளமே வளரும்; உடலெங்கும் வண்ணப் புள்ளிகள் கொண்டது. பெண் மீன் அதைவிடப் பெரியது, ஆனால் நிறமற்றது.

1859ஆம் ஆண்டில் பெர்லின் நகர அறிஞர் வில்ஹெல்ம் பீட்டர்ஸ், வெனிசுவேலாவிலிருந்து அனுப்பப்பட்ட மீன்களை ஆராய்ந்து பொசீலியா ரெட்டிகுலாட்டா என்று பெயரிட்டார். ரெட்டிகுலாட்டா என்றால் வலைபோன்ற கோடுகளை உடையது என்று பொருள். 1861இல் இத்தாலிய அறிஞர் டி ஃபிலிப்பி, பார்படோஸ் தீவில் கிடைத்த இதே மீனைப் புதியதெனக் கருதி லெபிஸ்டஸ் என்னும் பேரினத்தில் சேர்த்தார். 1866இல் இலண்டனில் பிரிட்டிஷ் அரும்பொருளகத்தின் ஆல்பர்ட் குந்தர், டிரினிடாட்டிலிருந்து வந்த மீன்களைப் பார்த்து, அவற்றை அனுப்பியவரைச் சிறப்பிக்கும் வகையில் கிரார்டினஸ் கப்பியை என்று மூன்றாவது பெயர் சூட்டினார்.

முதலில் வைத்த பெயரே செல்லும் என்பது உயிரியல் பெயரிடலின் விதி. ஆகவே இன்றைய அறிவியல் பெயர் பீட்டர்ஸ் வைத்ததுதான். 1963இல் செய்யப்பட்ட வகைப்பாட்டுத் திருத்தத்திற்குப் பின் லெபிஸ்டஸ் என்ற பேரினப் பெயரும் வழக்கொழிந்தது. ஆனால் மக்கள் நாவில் நிலைத்தது மூன்றாவது பெயர்தான்.

அந்தக் கப்பி யார் என்று அறிந்தால் ஆசிரியர்களாகிய நாம் மகிழலாம். இராபர்ட் ஜான் லெக்மியர் கப்பி, 1836இல் இலண்டனில் பிறந்து டிரினிடாட்டில் வாழ்ந்தவர். அவர் பார்த்த வேலை பள்ளிகளைக் கண்காணிக்கும் கல்வி அதிகாரி வேலை. முறையான அறிவியல் பயிற்சி இல்லாமலே பாறைகளையும் சிப்பிகளையும் தொல்லுயிர்ப் படிவங்களையும் தேடித் தேடி ஆராய்ந்தவர். நம் முன்னோர் மலாயாத் தோட்டங்களுக்குக் கப்பலேறிய அதே காலத்தில், சென்னைத் துறைமுகத்திலிருந்தும் கல்கத்தாவிலிருந்தும் டிரினிடாட்டின் கரும்புத் தோட்டங்களுக்கும் இந்தியர்கள் கொண்டுசெல்லப்பட்டார்கள். அந்தத் தீவின் ஓடைகளில் கப்பி பிடித்து அனுப்பிய சிறு மீன், பின்னர் உலகெங்கும் அவர் பெயரைச் சுமந்து சென்றது.

மிக எளிதாக வளர்வதாலும், கொசுப் புழுக்களை உண்ணும் என்ற நம்பிக்கையாலும், அழகு மீனாக விரும்பி வளர்க்கப்பட்டதாலும், தன் தாயகத்திற்கு வெளியே 60-க்கும் மேற்பட்ட நாடுகளில் இம்மீன் பரவியது. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் வடிகால்களில் அது பெருகியதால் லொங்காங் மீன் என்றே பெயர் பெற்றது.

தாய் சுமக்கும் சேமிப்பு

பெரும்பாலான மீன்கள் முட்டைகளை நீரில் இடும். ஆண் மீன் அவற்றின்மேல் விந்தணுக்களைப் பொழியும். கருவுறுதல் வெளியே, நீரில் நடைபெறும். கப்பி அப்படியன்று. ஆண் கப்பியின் அடிப்புறத் துடுப்பு ஒரு மெல்லிய குழல்போல் மாறியிருக்கிறது. அதன்வழி விந்தணுக்களைச் சிறு பொதிகளாகப் பெண்ணின் உடலுக்குள் செலுத்துகிறது. முட்டைகள் தாயின் உடலுக்குள்ளேயே கருவுற்று, அங்கேயே வளர்ந்து, நான்கு வாரங்களில் நீந்தும் குஞ்சுகளாக வெளிவருகின்றன. மீன் குஞ்சுக்கு நீந்தக் கற்றுத்தர வேண்டுமா என்னும் பழமொழி வேறெந்த மீனைவிடவும் இதற்கே பொருந்தும்.

இங்கேதான் அம்மாணவனின் முதல் கேள்விக்கு விடை இருக்கிறது. பெண் கப்பி, தான் பெற்ற விந்தணுக்கள் அனைத்தையும் உடனே பயன்படுத்திவிடுவதில்லை. சினைப்பையின் மடிப்புகளில் அவற்றைச் சேமித்து வைக்கிறது. அவை அங்கே பல மாதங்கள் உயிரோடு இருக்கும். ஒரு குஞ்சுத் தொகுதி வெளிவந்தபின், சேமிப்பிலிருந்து எடுத்து அடுத்த தொகுதி முட்டைகள் கருவுறுகின்றன. ஆண் மீனையே பாராமல் ஒரு தாய் மீண்டும் மீண்டும் குஞ்சுகளை ஈன்றுகொண்டிருப்பது இயல்பு. புட்டியில் தனியே இருந்த மீன் அதைத்தான் செய்தது. மாணவன் சொன்னது முழு உண்மை.

சேமிக்க முடியும் என்றால் இன்னொரு கேள்வி எழுகிறது. தாய் மீன் ஒன்றுக்கு மேற்பட்ட ஆண்களோடு இணைந்திருந்தால், அவற்றின் விந்தணுக்கள் ஒரே சேமிப்பில் கலந்திருக்குமே? அப்படியானால் ஒரே நாளில் பிறக்கும் குஞ்சுகளுக்குத் தந்தை ஒன்றா, பலவா? இதை எப்படிக் கண்டறிவது? மீனைப் பார்த்துத் தந்தையைச் சொல்ல முடியுமா?

கோபன்ஹேகனில் ஒரு கரும்புள்ளி

விடைக்கான வழி, மதுபான ஆலை ஒன்றின் பெயர்தாங்கிய ஆய்வுக்கூடத்தில் பிறந்தது. டென்மார்க் நாட்டின் கோபன்ஹேகன் நகரில் கார்ல்ஸ்பெர்க் ஆய்வுக்கூடம் உள்ளது. அங்கே பணியாற்றிய யோகானஸ் ஷ்மிட், விலாங்கு மீன்கள் அட்லாண்டிக் பெருங்கடலின் சர்காசோ கடற்பகுதியில் இனப்பெருக்கம் செய்கின்றன என்பதைக் கண்டறிந்த புகழுக்குரியவர். அவர் தொட்டியில் கப்பி மீன்களையும் வளர்த்தார். சில ஆண் மீன்களின் முதுகுத் துடுப்பில் ஒரு கரும்புள்ளி இருந்தது. அப்புள்ளி தந்தையிடமிருந்து மகனுக்கு, மகனிடமிருந்து பேரனுக்கு என்று ஆண்வழியாகவே செல்வதை 1920இல் அவர் வெளியிட்டார். தாய் எந்த மரபினளாயினும் அது மாறவில்லை.

1922இல் ஓய்விந்த் விங்கே என்னும் மற்றொரு டேனிய அறிஞர் இதை மேலும் ஆராய்ந்தார். மனிதரைப் போலவே கப்பியிலும் ஆணுக்கு எக்ஸ், ஒய் என்னும் இரண்டு பால் நிறப்புரிகள் உண்டு. ஒய் நிறப்புரியைத் தந்தை மகனுக்கு மட்டுமே தருகிறது. நிறப்புள்ளிகள் சிலவற்றை உண்டாக்கும் மரபணுக்கள் அந்த ஒய் நிறப்புரியில் அமைந்திருப்பதால்தான் புள்ளி ஆண்வழியில் இறங்குகிறது என்பதை அவர் விளக்கினார்.

இதன் பயனை எண்ணிப் பாருங்கள். ஒவ்வொரு தந்தையும் தன் மகனின் உடலில் கையொப்பமிட்டு அனுப்புகிறது! வெவ்வேறு புள்ளிகளையுடைய இரண்டு ஆண்களை ஒரு பெண்ணுடன் இணையவிட்டால், பிறக்கும் மகன்களின் உடலைப் பார்த்தே யார் யாருக்குப் பிறந்தது என்று எண்ணிவிடலாம். விங்கே 1937இல் அத்தகைய ஆய்வை வெளியிட்டார். பழைய விந்தணுக்கள் சேமிப்பில் இருக்கும்போதே புதிய ஆண் இணைந்தால், புதிதாக வந்த விந்தணுக்களே பெரும்பாலும் முந்திக்கொள்கின்றன என்பது அதன் சாரம். 1954இல் ஹில்டமன், வாக்னர் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள், வெவ்வேறு ஆண்களின் விந்தணுக்கள் ஒரே தாயின் உடலுக்குள் போட்டியிடுவதைக் கப்பியில் ஆராய்ந்து, அதையே தலைப்பாக்கிக் கட்டுரை வெளியிட்டார்கள்.

என் மாணவன் குஞ்சுகளைத் தனித்தொட்டியில் வைத்து, நிறம் ஏறும்வரை காத்திருந்து, மகன்களை ஒப்பிட்டு, ஏன் ஒவ்வொன்றும் ஒரு மாதிரி என்று கேட்டான். ஒன்பது, பத்து வயதுச் சிறுவன் தன்னையறியாமல் விங்கேயின் வழியில் நடந்திருக்கிறான்.

ஆயினும் ஓர் எச்சரிக்கை தேவை. நிற வேறுபாட்டை மட்டும் கொண்டு தந்தையர் பலர் என்று முடிவு கட்டிவிட முடியாது. சில நிற மரபணுக்கள் எக்ஸ் நிறப்புரியிலும் பிற நிறப்புரிகளிலும் இருக்கின்றன என்பதையும் விங்கேயே காட்டினார். தாய்வழி வரும் அம்மரபணுக்கள் ஒரே தந்தையின் மகன்களையும் வேறுபடுத்திக் காட்டலாம். மரபு தெரிந்த ஆய்வுக்கூட மீன்களுக்குப் பொருந்திய முறை, ஓடையில் பிடித்த மீனுக்குப் போதாது. அதற்கு இன்னும் நுட்பமான கருவி வேண்டியிருந்தது.

கேட்கப்படாத கேள்வி

கருவி வருவதற்கு முன், கேள்வியே பெரும்பாலும் கேட்கப்படாமல் இருந்ததற்கான காரணத்தையும் சொல்ல வேண்டும். சார்லஸ் டார்வின் 1871இல் வெளியிட்ட மனிதனின் தோற்றம் பற்றிய நூலில், ஆண் நாடிச் செல்லும், பெண் நாணி ஒதுங்கித் தேர்ந்தெடுக்கும் என்ற கருத்தைப் பொதுவாக முன்வைத்தார். அவர் வாழ்ந்த விக்டோரியா காலச் சமூகத்தின் சாயல் அதில் இருந்தது. 1948இல் இங்கிலாந்தின் பேட்மன், பழ ஈக்களை வைத்து ஓர் ஆய்வு செய்தார். பல பெண்களோடு இணையும் ஆண் ஈக்குச் சந்ததி பெருகுகிறது. பெண் ஈக்கு அப்படிப் பயனில்லை என்பது அவரது முடிவு. இது நெடுங்காலம் விதிபோல் போற்றப்பட்டது. பயனில்லாத ஒன்றைப் பெண் ஏன் செய்யப்போகிறது என்று பலரும் எண்ணினார்கள். பேட்மனின் ஆய்வுமுறையிலேயே குறைகள் இருந்ததைப் பிற்கால ஆய்வாளர்கள் சுட்டிக்காட்டினார்கள்.

1970இல் ஜெஃப்ரி பார்க்கர் பூச்சிகளைப் பற்றி எழுதிய கட்டுரை ஒரு திருப்பம். ஆண்களுக்கிடையிலான போட்டி இணைசேர்வதோடு முடிந்துவிடுவதில்லை. பெண்ணின் உடலுக்குள் விந்தணுக்களிடையேயும் தொடர்கிறது என்று அவர் எடுத்துரைத்தார். அதன்பின்தான், கப்பி வளர்ப்போர் பல காலமாகக் கண்டிருந்த செய்திகளுக்கு அறிவுலகில் புதிய மதிப்பு ஏற்பட்டது.

ஓடைக்குத் திரும்பிய ஆய்வு

கப்பியை ஆய்வுக்கூடத் தொட்டியிலிருந்து மீண்டும் டிரினிடாட் ஓடைக்கு அழைத்துச் சென்ற பெருமை காரில் ஹாஸ்கின்ஸ், எட்னா ஹாஸ்கின்ஸ் தம்பதியருக்கு உண்டு. அத்தீவின் வடக்கு மலைத்தொடரிலிருந்து இறங்கும் ஓடைகளில் அருவிகள் பல. அருவிக்குக் கீழே கப்பியைத் தின்னும் பெரிய மீன்கள் மிகுதி. அருவிக்கு மேலே அவை ஏற முடியாததால் கப்பிகளுக்கு ஆபத்து குறைவு. ஒரே ஓடையில் இயற்கை அமைத்துக் கொடுத்த இரண்டு வகுப்பறைகள்! எதிரிகள் மிகுந்த இடத்திலும் குறைந்த இடத்திலும் மீன்களின் நிறமும் நடத்தையும் எப்படி மாறுபடுகின்றன என்று ஒப்பிட அறிஞர்கள் பலர் அங்கே சென்றார்கள்.

ஆன் மகுர்ரான், செகர்ஸ் ஆகியோர் 1994இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பெண் மீனை ஆண்கள் ஏறத்தாழ நிமிடத்திற்கு ஒரு முறை, அதன் சம்மதமின்றி மறைவாக அணுக முயல்வதைக் கணக்கிட்டுக் காட்டினார்கள். ஆண் கப்பிக்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, உடலை வளைத்து நடுங்கி வண்ணத்தைக் காட்டிப் பெண்ணின் விருப்பத்தைப் பெறுவது. மற்றொன்று, பின்னாலிருந்து திடீரெனப் பாய்வது. எதிரி மீன்கள் சுற்றும் இடத்தில் பெண் மீன் ஆபத்தின்மேல் கண்ணாயிருக்கும்போது இரண்டாவது வழி பெருகுகிறது.

இதற்கிடையே டி.என்.ஏ. ஆய்வு கைக்கெட்டியது. மரபணுத் தொடரில் சில இடங்களில் சிறு துண்டுகள் திரும்பத் திரும்ப வரும். அவை எத்தனை முறை வருகின்றன என்பது ஆளுக்கு ஆள், மீனுக்கு மீன் மாறுபடும். ஓரிடத்திற்கு ஒரு மீனிடம் அதிகமாக இரண்டு வகைகளே இருக்க முடியும். ஒன்று தாய் தந்தது, மற்றொன்று தந்தை தந்தது. இப்போது கணக்கு எளிது. ஒரு தாயின் குஞ்சுகள் அனைத்தையும் சோதித்து, தாயிடமிருந்து வந்த வகையை நீக்கிவிட்டால், எஞ்சுபவை தந்தைவழி வந்தவை. ஒரு தந்தையால் இரண்டு வகைகளுக்கு மேல் கொடுக்க இயலாது. மூன்றாவது வகை தென்பட்டால், தந்தையர் குறைந்தது இருவர். ஐந்தாம், ஆறாம் ஆண்டு மாணவர்களே போடக்கூடிய கணக்கு இது.

1999இல் கெல்லி, கோடின், ரைட் ஆகிய மூவர் டிரினிடாட்டின் பத்து வெவ்வேறு இடங்களிலிருந்து பிடித்த தாய் மீன்களை இம்முறையில் ஆராய்ந்தார்கள். ஒரே குஞ்சுத் தொகுதியில் தந்தையர் பலர் இருப்பது இயற்கை ஓடைகளில் பரவலாகக் காணப்பட்டது. எதிரிகள் மிகுந்த இடங்களில் அது மேலும் அதிகமாக இருந்தது. ஓர் ஈற்றில் பிறந்த குஞ்சுகளுக்கு ஒரே தந்தை என்று இயல்பாக எண்ணும் நம் வழக்கம், கப்பியைப் பொறுத்தவரை பொருந்தாது என்பது உறுதியாயிற்று. ஒரே நாளில், ஒரே தாய்க்குப் பிறந்த குஞ்சுகளுள் சில முழு உடன்பிறப்புகள். சில தாயால் மட்டும் உடன்பிறப்புகள்.

தாய்க்கு என்ன பயன்?

அடுத்த கேள்வி, பேட்மனின் கூற்றை நேரே சந்தித்தது. 2000ஆம் ஆண்டில் ஜொனதன் எவன்ஸ், ஆன் மகுர்ரான் இருவரும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஒரே ஆணோடு இணைந்த பெண் மீன்களையும், பல ஆண்களோடு இணைந்த பெண் மீன்களையும் ஒப்பிட்டார்கள். பல ஆண்களோடு இணைந்த தாய்கள் விரைவில் ஈன்றன. அதிகக் குஞ்சுகளையும் ஈன்றன. அக்குஞ்சுகள் கூட்டமாக நீந்துவதிலும் ஆபத்திலிருந்து தப்புவதிலும் தேர்ந்திருந்தன. பயன் ஆணுக்கு மட்டுமே என்ற கூற்று இங்கே நிற்கவில்லை.

2003இல் மற்றோர் ஆய்வு. எவன்ஸும் இத்தாலியின் பிலாஸ்ட்ரோ முதலியோரும் சேர்ந்து, இரண்டு ஆண்களிடமிருந்து சம அளவு விந்தணுக்களை எடுத்துக் கலந்து, செயற்கை முறையில் பெண் மீனுக்குச் செலுத்தினார்கள். ஆண்களைப் பெண் பார்க்கவே இல்லை. அளவிலும் வேறுபாடு இல்லை. அப்படியிருந்தும் வண்ணம் மிகுந்த ஆணுக்கே அதிகக் குஞ்சுகள் பிறந்தன. அடுத்த ஆண்டு பிலாஸ்ட்ரோ குழுவினர், தனக்குப் பிடித்த ஆணிடமிருந்து பெண் மீன் அதிக விந்தணுக்களை ஏற்றுக்கொள்வதையும் காட்டினார்கள். முன்பு செயலற்றதாகக் கருதப்பட்ட பெண் மீன், கண்ணுக்குப் புலப்படாத வகையில் தேர்வு செய்துகொண்டிருக்கிறது.

என்னை மிகவும் வியக்க வைத்தது 2013இல் வெளிவந்த ஓர் ஆய்வு. டிரினிடாட் ஓடைகளில் மீன்களை ஒவ்வொன்றாக அடையாளமிட்டு, அவற்றின் வம்சாவளியை டி.என்.ஏ. மூலம் தொகுத்தபோது, தான் இறந்து பத்து மாதங்கள் வரை கடந்தபின்னும் ஆண் கப்பிக்குக் குஞ்சுகள் பிறப்பது தெரியவந்தது. ஆணின் ஆயுள் குறைவு. பெண்ணின் சேமிப்போ நெடிது. எப்போதோ மறைந்த தந்தைகளின் பிள்ளைகள் ஓடையில் நீந்திக்கொண்டிருக்கின்றன. "தந்தை மீன் எங்கே?" என்று அன்று நான் அதட்டிக் கேட்டேனே, அதற்கு விடை இதுதான். தந்தை மீன் வடிகாலில் இருந்திருக்கலாம். உயிரோடே இல்லாமலும் இருந்திருக்கலாம்.

ஒரு மீன், ஒரு குடியேற்றம்

இச்செய்தியில் பெற்றோர்கள் கவனிக்க வேண்டிய ஒரு பக்கமும் இருக்கிறது. ஒரே ஒரு பெண் மீன் பல தந்தையரின் விந்தணுக்களைச் சுமந்திருக்கும்போது, அது ஒரு மீன் அன்று. நடமாடும் ஒரு குடியிருப்பு. 2011இல் வெளியான ஓர் ஆய்வில், ஓடையில் பிடித்த பெண் கப்பிகளைத் தொட்டிக்கு ஒன்றாகத் தனித்தனியே விட்டு இரண்டு ஆண்டுகள் கவனித்தார்கள். பெரும்பாலான தொட்டிகளில் மீன் கூட்டம் நிலைபெற்றுவிட்டது.

கப்பி உலகமெல்லாம் பரவியதன் இரகசியங்களுள் இது முக்கியமானது. கொசுவை ஒழிக்கும் என்று விடப்பட்ட இம்மீன் அவ்வேலையை எந்த அளவுக்குச் செய்தது என்பதற்குச் சான்றுகள் வலுவாக இல்லை. உள்ளூர் மீன்களுக்கும் நீர்நிலைகளுக்கும் அது தீங்கு விளைவிக்கும் என்று ஆய்வாளர்கள் எச்சரிக்கிறார்கள். ஆகவே பிள்ளைகள் வளர்த்துச் சலித்துப்போன மீனை, "ஒன்றுதானே" என்று ஆற்றிலோ குளத்திலோ விட அனுமதிக்காதீர்கள். அந்த ஒன்று பலவற்றுக்குச் சமம்.

வகுப்பறையில் எப்படிச் சொல்வது?

இத்தகைய செய்தியைச் சிறு பிள்ளைகளிடம் எப்படிப் பேசுவது என்ற தயக்கம் ஆசிரியர்களுக்கும் பெற்றோர்களுக்கும் இயல்பாகவே ஏற்படும். என் அனுபவத்தில் உணர்ந்ததைச் சொல்கிறேன். பிள்ளை கேட்ட அளவுக்கு உண்மையைச் சொன்னால் போதும். "தாய் மீன், தந்தை மீனிடமிருந்து பெற்றதைப் பல மாதம் சேமித்து வைக்கும், ஆகவே தனியாக இருந்தாலும் குஞ்சு போடும்," என்றால் நான்காம் ஆண்டு மாணவனுக்கு நன்றாகவே புரியும். வளர்ந்த மாணவர்களுக்குத் தந்தைவழி நிறப்புள்ளியையும் டி.என்.ஏ. கணக்கையும் சொல்லலாம். தெரியாவிட்டால், "எனக்குத் தெரியாது, தேடிச் சொல்கிறேன்," என்பதில் இழுக்கொன்றும் இல்லை.

மற்றொன்றும் சொல்ல வேண்டும். மீனின் வாழ்க்கையை மனித ஒழுக்கத்திற்கு அளவுகோலாக்கக் கூடாது; மனித ஒழுக்கத்தை மீனின்மேல் ஏற்றவும் கூடாது. தம் காலத்துச் சமூகத்தின் எண்ணங்களை உயிரினங்களின்மேல் ஏற்றிப் பார்த்ததனால்தான் பெரிய அறிஞர்களும் ஒரு கேள்வியை நெடுங்காலம் கேட்காமல் விட்டார்கள். கப்பி நல்லதும் அன்று, கெட்டதும் அன்று. எதிரிகள் சூழ்ந்த ஓடையில் தன் குஞ்சுகள் பிழைக்க அதற்கு வாய்த்த வழி அது.

டார்வினும் பேட்மனும் பெண் இனத்தைப் பற்றி முன்கூட்டியே ஒரு முடிவு வைத்திருந்தார்கள். நான் ஒரு மாணவனைப் பற்றி முன்கூட்டியே ஒரு முடிவு வைத்திருந்தேன். பாடத்தில் பின்தங்கிய, பின்வரிசை மாணவன். பொய்தான் சொல்வான் என்று எண்ணிவிட்டேன். முன்னோரின் பிழையை மீன் திருத்தியது. என் பிழையைத் திருத்த நானல்லவா போக வேண்டும்?

சென்ற ஆண்டு அதற்கு வாய்ப்புக் கிட்டியது. தன் மகளை முதலாம் ஆண்டில் சேர்க்க அவன் பள்ளிக்கு வந்திருந்தான். நெடிது வளர்ந்து, மீசையும் வைத்திருந்தான். அடையாளம் கண்டுகொண்டு, அழைத்து உட்காரவைத்து, இங்கே எழுதியவற்றையெல்லாம் சுருக்கமாகச் சொல்லி, "தம்பி, அன்று நீ சொன்னதுதான் உண்மை. தவறு என்னுடையது," என்றேன்.

சற்று நேரம் அவன் பேசவில்லை. பிறகு சிரித்துக்கொண்டே சொன்னான்: "குஞ்சுகள் எத்தனை என்பதுகூட மறந்துபோயிற்று ஐயா. வெளியே நின்றது மட்டும் மறக்கவில்லை."

இப்போது அப்பாடத்தை நடத்தும்போதெல்லாம் ஒரு தனிப் பெண் கப்பியைப் புட்டியில் வைத்து, அவன் கேட்ட கேள்வியிலிருந்துதான் தொடங்குகிறேன். யாரையும் வெளியே நிற்க வைப்பதில்லை.